வடிகஞ்சி பார்த்த பாரிஸ்

ஜெசிந்தா,

போன ஆடி மாதம் உன் பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இல்லவே இல்லை என்று நான் சொன்னேன். அதனால் உன் பயணம் நின்றது. உன் இடத்தில், உன்னோடு வேலை செய்கிற விஜயா பாரிஸ் போய் வந்தாள். “அம்மா பயந்துட்டாங்க, அவங்க மேல தப்பில்ல” என்று கம்பெனியில், பஸ்ஸில், கோயில் வாசலில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் நீ சொன்னாய். நான் பயப்படவில்லை, ஜெசிந்தா. எனக்குப் பொறாமை. உன்மேல். இதைச் சொல்லாமல் வருகிற வியாழக்கிழமை உன்னை விமானத்தில் ஏற்றிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. சொன்ன பிறகு நீ என்னோடு பேசுவாயா, மூன்று வாரத்துக்கு உன் மகளை என்னிடம் நம்பி விட்டுப்போவாயா என்பது தெரியாது. தெரியாமலேதான் எழுதுகிறேன்.

சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் நாலாவது வரை படித்தவள் நான். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், நிதானமாகப் படி. ஆனால் ஞாபகத்தில் கோணல் கிடையாது. உன் ஞானஸ்நானத்துக்கு உன் அத்தை என்ன நிறப் புடவையில் வந்தாள், என் காதில் விழும்படி யாரிடம் என்ன சொன்னாள் என்பதை இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் சொல்வேன். அதனால்தான் இருபத்தேழு வருடமாக அவள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. “யம்மா, உன் மண்டைக்குள்ள ஒரு கோர்ட்டே நடக்குது” என்று நீ சிரிப்பாய். அந்தக் கோர்ட்டில் எல்லோரையும் நிறுத்தியிருக்கிறேன், என்னைத் தவிர.

கம்பெனியில் உனக்கு முன்னால் சேர்ந்தவள் நான் என்பதை முதலில் நினைவில் வை. உன் அப்பா இறந்த வருடம், மறைமலை நகர்ப் பக்கம் ஒவ்வொரு கம்பெனியாக வந்துகொண்டிருந்த நேரம், இந்த எக்ஸ்போர்ட் கம்பெனி பஸ் நம் ஊர் ஏரிக்கரை வரை வந்து ஆள் ஏற்றிப்போனது. பினிஷிங்கில் நூல் பிசிறு வெட்டவும் லேபிள் தைக்கவும் என்னை உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு ஜாக்கெட்டின் கழுத்துக்குள்ளும் ஒரு வெள்ளைப் பட்டு நாடா, அதில் கறுப்பு எழுத்து. மேல் வரியில் இருப்பது விற்கிறவர்களின் பெயர், அது இன்றுவரை எனக்குப் படிக்க வராது. கீழ் வரியில் ஐந்தே எழுத்து. என்னவென்று கேட்டதற்கு சூப்பர்வைசர், “ஊர் பேரும்மா. பாரிஸ்” என்றார். என் பெயரை எனக்கு இங்கிலீஷில் எழுதத் தெரியாது. அந்த ஊர்ப் பெயரைத் தலைகீழாகக் காட்டினாலும் தெரிந்துவிடும். எட்டு வருடமாக அதை நாலு மூலையும் பிடித்துத் தைத்து அனுப்பியிருக்கிறேன். ஓர் ஊரின் பெயரை அத்தனை தடவை விரலால் தடவியவளுக்கு அந்த ஊரின்மேல் ஒரு பாத்தியதை வந்துவிடுகிறது. மடத்தனம்தான். ஆனால் வந்துவிட்டது.

பொங்கல் கழிந்து அந்த ஊரிலிருந்து ஓர் அம்மாள் வந்தாளே, அவளை நினைத்துப் பார். ஒட்ட வெட்டிய நரைமுடி, காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை, ஆம்பிளைச் சட்டை ஒன்றை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தாள். உலகத்துக்கெல்லாம் உடுப்பு விற்கிறவள் இப்படியா வருவாள் என்று பினிஷிங்கில் நாங்கள் பேசிக்கொண்டோம். அப்போது சாம்பிள் பிரிவில் உங்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. கொசுவலை மாதிரி மெல்லிய துணியை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஆரி ஊசியால் மணி கோத்து முடிப்பீர்கள். சட்டத்தில் இருக்கும்வரை ராணி மாதிரி இருக்கும். கட்டை அவிழ்த்ததும் மணியின் கனத்தில் துணி சுருங்கி என் முகம் மாதிரி ஆகிவிடும். மாஸ்டர் நாலு துண்டைக் கிழித்து எறிந்துவிட்டார். நீ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். மறுநாள் காலையில் சோறு வடித்துக்கொண்டே நான் சொன்னேன்: “அவுக்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் வடிகஞ்சிய தண்ணியா கலக்கி ஒத்தி எடுத்து காயவுடு. நூலு ஒண்ணோட ஒண்ணு புடிச்சிக்கும்.” நீ நம்பவில்லை. “பாரிஸ் துணிக்கு சோத்துக் கஞ்சியா? நல்லா கீதும்மா” என்றாய். நான்தான் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துவந்து, சாப்பாட்டு வேளையில் சாம்பிள் பிரிவுக்குள் நுழைந்து, உன் சட்டத்தின் அடியில் குனிந்து, ஈரத் துணியால் ஒத்தினேன். மின்விசிறிக் காற்றில் காய்ந்ததும் நீ கட்டை அவிழ்த்தாய். துணி அசையவில்லை.

மறுநாள் அந்த அம்மாள் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேனேஜர் தமிழில் கேட்டார்: “யாரும்மா கண்டுபுடிச்சது இத?” பத்தடி தள்ளி, கையில் கத்தரிக்கோலுடன் நான் நிற்கிறேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, “நானே செஞ்சு பாத்தது சார்” என்றாய். அந்த அம்மாள் உன் இரண்டு கைகளையும் பிடித்து, இந்தக் கன்னத்தில் ஒன்று அந்தக் கன்னத்தில் ஒன்று முத்தம் கொடுத்தாள். எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

பஸ்ஸில் வரும்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னாய்: “யம்மா, பினிஷிங் ஆளுங்க சாம்பிள்ள கைய வெச்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு தெரியாதா? போன மாசம்தானே ஒருத்திய நிறுத்தினாங்க. உன் பேர சொல்லியிருந்தா நாளைக்கு நீ வூட்ல குந்தியிருப்ப.” நீ சொன்னது நியாயம். அந்த நியாயமும் எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. ஒத்துக்கொண்டேனா என்றால், இல்லை.

பிறகு பாரிஸிலிருந்து கம்பெனிக்கு ஓலை வந்தது. அங்கே உடுப்பு விழாவுக்கு முன்னால் கடைசி நேரத்து மணி வேலையைச் செய்து கொடுக்க இரண்டு பேரை அனுப்புங்கள். ஒருவர் மாஸ்டர், இன்னொருவர் கஞ்சி போட்ட பெண். அப்படித்தான் எழுதியிருந்தார்களாம், கஞ்சி போட்ட பெண் என்று. பஸ்ஸே உன்னைச் சுற்றி நின்றது. “ஜெசிந்தா, பாரிஸ் கார்னருக்கா போற? அதுக்கு ஏரோப்ளேன் எதுக்குடி, தாம்பரத்துல மாறினா பஸ்ஸே போவுது” என்று கிண்டல். நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. உன் புருஷன் லேத்துப் பட்டறையிலிருந்து வரும்போது யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையோடு வந்தார். நீ கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பழகினாய். பேத்தி கை தட்டினாள். நான் பின்கட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ நடக்கிற சத்தம் ஒவ்வொன்றும் என் நெஞ்சில் விழுந்தது. “யம்மா, உனக்கு இன்னா வாங்கியாரட்டும்?” என்றாய். “ஒண்ணும் வாணாம், நல்லபடியா போயிட்டு வா” என்றேன். நான் பார்த்ததிலேயே தூரமான ஊர் வேளாங்கண்ணி. அதுவும் உன் அப்பாவின் வேண்டுதலுக்காக, கைக்குழந்தையான உன்னை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் சீட்டை உன் அத்தைக்கு விட்டுக்கொடுத்துப் போனது.

இந்த நிலையில்தான் போலீஸ்காரர் வந்தார். போன மே மாதம் நம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்தால் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். யார் வாடகைக்கு இருக்கிறார்கள், யார் புதிதாக வந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். நீயும் உன் புருஷனும் வேலைக்குப் போயிருந்தீர்கள். எனக்கு முழங்கால் வீக்கம் என்று லீவு. சைக்கிளை நிறுத்திவிட்டு, “ஜெசிந்தான்றது யாரும்மா, வூட்ல கீறாங்களா?” என்றார். கையில் உன் போட்டோ ஒட்டிய காகிதம். அது பாஸ்போர்ட் விசாரணை என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரியும். நீதான் பத்து நாளாகச் சொல்லிவைத்திருந்தாயே.

“அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க.”

“அட்ரஸ் இதானே?”

“அட்ரஸ் இதாங்க. ஆளு இல்ல.”

பக்கத்து வீட்டு மரகதம் எட்டிப் பார்த்தாள். நான் சொன்னதைக் கேட்டதும், “ஆமாங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று ஒத்து ஊதினாள். அவர் காகிதத்தில் ஏதோ கிறுக்கிவிட்டுப் போய்விட்டார். மரகதம் என் கையைப் பிடித்து, “நல்லவேள செஞ்சக்கா, இன்னா வம்போ எவன் கண்டான்” என்றாள். எனக்கு அந்த நிமிஷமே ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நான் தேடவில்லை, அவளாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

கொடுத்த முகவரியில் ஆள் இல்லை என்று தகவல் வந்து, விசாரித்துத் தெரிந்துகொண்டு நீ வீட்டுக்கு வந்த அன்று நான் அடி வாங்கவும் தயாராக இருந்தேன். நீ திட்டவே இல்லை. மரகதம் முந்திக்கொண்டு வந்து, “அக்காவ ஒண்ணும் சொல்லாதடி, அன்னிக்கு நானே ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொன்னேன்” என்றாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். “வுடும்மா. யாரா இருந்தாலும் பயந்துதான் போவாங்க” என்றாய். பிறகு அடுப்படிக்குப் போய், எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாய். ஜெசிந்தா, அந்தக் காபியை நான் குடித்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ பேர்மேல் வைத்திருக்கிற வஞ்சத்தையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒரு டம்ளர் காபிக்கு ஈடாகாது. அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் முட்டி போட்டு, பயத்தால் பொய் சொன்னேன் என்றேன். “பயம் பாவமில்லம்மா” என்று சாமியார் சுருக்கமாக முடித்துவிட்டார். அவரிடமும் பொய்.

விஜயா போனாள், வந்தாள். திரும்பி வந்த அன்று சிங்கப்பெருமாள் கோவிலில் அவள் பஸ் ஏறியதும் எல்லோரும் சீட்டைவிட்டு எழுந்துவிட்டார்கள். ஊருக்கு நடுவில் ஆறு போகிறதாம், பத்தடிக்கு ஒரு பாலமாம். அரண்மனை மாதிரி இடத்தில் சுவரெல்லாம் படமாம். “அவ்ளோ பெரிய அரமனைல, இத்தினூண்டு ஒரு பொம்பள படம், அதுக்குத்தான் கூட்டம்டி. நம்ம மேனேஜர் சம்சாரம் மாதிரி ஒரு சிரிப்பு” என்றாள். கடைத் தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் தலை இல்லாத பொம்மைகளுக்கு ஜாக்கெட் மாட்டி வைத்திருக்கிறார்களாம். பிறகு சொன்னாள்: “அங்கயும் துணி சுருங்கிச்சு. மாஸ்டரு அரிசி வாங்கியாரச் சொல்லி, அவங்க அடுப்புல சோறாக்கி, நாந்தான் கஞ்சி வடிச்சுப் போட்டேன். எல்லாரும் சுத்தி நின்னு கை தட்றாங்க.” என் வடிகஞ்சி பாரிஸ் போய்க் கைதட்டல் வாங்கிவிட்டது. நான் ஏரிக்கரை ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன்.

அவள் காட்டிய போட்டோவை நீயும் பார்த்தாய். அந்தக் கண்ணாடிக் கடை முன்னால், கம்பளிச் சட்டையில், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு விஜயா. நீ, “சூப்பரா கீதுடி” என்று சொல்லி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஒரகடம் கூட்டுரோடு வரை நீ திரும்பவில்லை, அவ்வளவுதான். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த இடத்தில் நிற்க வேண்டியவள் என் மகள், இவள் யார் என்று எரிந்தது. உன்மேல் இருந்த பொறாமையை நான் பெரிது என்று நினைத்திருந்தேன். உனக்காக வந்த பொறாமை அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. பாவம், விஜயா ஒன்றும் செய்யவில்லை. இருந்தாலும் அவள் தீபாவளிக்குக் கொடுத்த அதிரசத்தை நான் தொடவில்லை.

ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மைப் பூசைக்கு வெள்ளைப் பட்டுப் பாவாடை தைத்தார்கள். எனக்கு அவளுடைய பழையது. முந்தின நாள் நான் அந்தப் புதுப் பாவாடையின் விளிம்பைக் கடித்துக் கடித்துக் கிழித்துவைத்தேன். எலி என்றார்கள். வீடெல்லாம் எலிப்பொறி வைத்தார்கள். அக்கா ஒட்டுப் போட்ட பாவாடையோடு பூசையில் நின்றாள். வளர்ந்து, கல்யாணமாகி, கிழவியான பிறகும் அவள் அதைச் சொல்லிச் சிரிப்பாள், “அந்த எலி” என்று. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். போன தவக்காலத்தில் அவள் போய்விட்டாள். பெட்டியை மூடும்போதும் அவளுக்கு அது எலிதான்.

அடுத்த உடுப்பு விழாவுக்கு மறுபடி கூப்பிட்டதும் நீ இரண்டாம் முறை விண்ணப்பம் போட்டாய். “யம்மா, இந்த தபா வந்தா பயப்படாத. எம் பொண்ணு இங்கதான் கீதுன்னு மட்டும் சொல்லு, போதும்” என்று எனக்குக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தாய். கார்த்திகை மழையில் அதே போலீஸ்காரர் வந்தார். அன்றைக்கும் நான் தனி. உண்மையைச் சொல்கிறேன், அவர் உன் பெயரைச் சொன்னதும் ‘இல்லை’ என்கிற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவ்வளவு நடந்த பிறகும். அதை விழுங்கிவிட்டு, “எம் பொண்ணுங்க, இங்கதான் கீது. வேலைக்குப் போயிருக்குது” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா பெரிம்மா, போன தபா ஆளே இல்லன்ன?”

“அப்பவும் இங்கதாங்க இருந்துச்சு. நாந்தான் பொய் சொன்னேன்.”

“ஏன்?”

“பொறாமைங்க.”

“இன்னாது?”

“எம் பொண்ணு மேல எனக்குப் பொறாமைங்க. அது பாரிஸ் போவுது, நான் போவல. அதான்.”

குடையை மடித்து வைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மரகதம் ஓடிவந்தாள். “பெரிம்மா, இத நான் எழுதிக்கினு போனா இன்ஸ்பெக்டரு என்ன வெளிய நிறுத்திடுவாரு. ‘போலீஸைக் கண்ட பயத்தால் தவறான தகவல் அளித்தார்’னு எழுதறேன். அந்த மாசம் எல்லாருக்கும் பயம்தான், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. கையெழுத்து போடுவியா, கைநாட்டா?” நான் கையெழுத்துதான் போட்டேன். மரகதம் சாட்சிக் கையெழுத்து. உனக்குப் பாஸ்போர்ட் வந்தது. ஆனால் நான் பயந்தவள் என்று சர்க்கார் காகிதத்தில் எழுத்தாக ஏறி, அதன் அடியில் என் பெயர் இருக்கிறது. வாயால் சொன்ன பொய்யை வாயாலேயே திருத்தியிருப்பேன். எழுதிக் கொடுத்துவிட்டதால் எழுதித்தான் திருத்த வேண்டும். அதுதான் இந்தக் கடிதம்.

புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். இருந்தாலும் நான் அம்மா, சொல்வேன். அங்கே எதையும் ஓரக்கண்ணால் பார்க்காதே. அந்தச் சின்னப் படத்துக்கு முன்னால் கூட்டம் இருந்தால் இடித்துக்கொண்டு முன்னால் போ. கண்ணாடிக் கடைக்கு வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பாதே. உள்ளே போய், அந்த ஜாக்கெட்டை வாங்குகிறவள் எப்படிப்பட்டவள், கழுத்துக்குள் இருக்கிற நாடாவை அவள் ஒரு தடவையாவது பார்க்கிறாளா என்று பார். குளிருக்குச் சாப்பிடாமல் இருக்காதே. வேலையிடத்தில் கஞ்சியைப் பற்றி யாராவது கேட்டால், அங்கே உன்னை வீட்டுக்கு அனுப்ப யாரும் இல்லை, யார் சொல்லிக்கொடுத்தது என்று சொல். நீ சொல்லாவிட்டால் அதையும் மறக்க மாட்டேன்.

இதை உன் பெட்டியில் கம்பளிச் சட்டைக்கு அடியில் வைத்துவிடலாமா என்று யோசித்தேன். அங்கே போய்ப் பிரித்துப் படித்து, தெரியாத ஊரில் தனியாக அழுதுகொண்டு, பார்க்கப் போனதைப் பார்க்காமல் வருவாய். அது நான் இரண்டாவது தடவை உன்னை நிறுத்தியதாக ஆகும். நீ திரும்பி வந்த பிறகு கொடுக்கலாம் என்றால், அது அக்காவிடம் செய்ததுதான். அதனால் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உன் கையில் கொடுக்கப்போகிறேன். வியாழன் வரை நாலு நாள் இருக்கிறது, என்னைத் திட்டித் தீர்க்க. பிள்ளையை என்னிடம் விட மனமில்லை என்றால் உன் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொன்ன பொய்க்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பொறாமைக்குக் கேட்கவில்லை. அது இதை எழுதும்போதும் இருக்கிறது, நீ விமானப் படி ஏறும்போதும் இருக்கும். அதை வைத்துக்கொண்டே உன்னை வழியனுப்ப என்னால் முடியும் என்று நினைக்கிறேன்.

நீ படிக்கும்போது நான் அடுப்படிக்குப் போய் ஒளிந்துகொள்ள மாட்டேன். உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். படித்து முடித்ததும் எதுவும் பேசாமல் எழுந்து போய்விடாதே. தலையை நிமிர்த்தி ஒரு தடவை என்னைப் பார். பிறகு என்ன சொல்ல வேண்டுமோ சொல்.

அம்மா